மலையேறும் வண்டிக்கு எந்த எஞ்சின் ஆயில்?

ஹனூர், கௌதள்ளி வழியாக மாதேசுவர மலைக்கு வண்டியோட்டிச் செல்வோர் கவனத்திற்கு:

1. கையேட்டில் 10டபிள்யூ-30 என்றிருந்தால் அதையே வாங்குக. முன்னெண் குளிர்நிலையில் ஆயில் ஓடும் தன்மையையும், பின்னெண் 100 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் அதன் கெட்டித்தன்மையையும் குறிப்பனவாதலின், 'மலைக்குக் கெட்டி ஆயிலே உசிதம்' என்னும் உபதேசத்தைப் புன்னகையோடு மறுத்துவிடலாம்.

2. கியர் மோட்டார் சைக்கிளுக்கு, டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' முத்திரை பார்த்து வாங்குக. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கப்படும் திரவியங்கள், அதே ஆயிலில் நனைந்து இயங்கும் கிளட்சை வழுக்கச் செய்து, ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வண்டி நகராத விபரீதத்தை விளைவிக்கக்கூடும். கியரில்லா ஸ்கூட்டருக்கு 'எம்பி' போதும்.

3. சமதளத்தில் வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிஷம் பொறுத்து அளவு பார்க்க. மேல்கோட்டைத் தாண்டிய ஆயில் நுரைத்துவிடும்.