அரிக்கமேடும் வகுப்பறைப் புதிரும்: இடம் அறிந்த சான்றும் இடம் இழந்த சான்றும்

முன்னுரை

பள்ளி வகுப்புகளில் மர்மம் துலக்கும் செயல்பாடுகளுக்கு இன்று வரவேற்பு மிகுதி. காணாமற்போன ஒரு பொருள், சில தடயங்கள், ஐயத்திற்குரிய சிலர் என்பதே அவற்றின் பொதுவான அமைப்பு. விடை ஆசிரியர் கையிலுள்ள உறைக்குள் முன்னரே இருக்கிறது. மாணவர் அதைச் சென்றடைந்ததும் செயல்பாடு முடிகிறது. அமைப்பளவில் இது விடுகதையிலிருந்து வேறுபட்டதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் பிசியை இருவகைப்படுத்துகிறது. ஒன்று ஒப்புமை வழி அமைவது. மற்றொன்று தோன்றுவதைச் சொல்லித் துணிவுக்கு இட்டுச் செல்வது. பின்னதன் திசையில், புதுச்சேரி உப்பளம் பகுதி மாணவர்க்குப் பொருந்தும் செயல்பாடு ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது. அதற்கான களம் தொலைவில் இல்லை. உப்பளத்திற்குத் தெற்கே சில கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு அமைந்துள்ளது.

பெயர் என்னும் முதற்சான்று

செயல்பாட்டை ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்கலாம். அளம் என்பது உப்பு விளையும் நிலம். ‘இங்கு உப்பு விளைந்ததா?’ என்று கேட்டால் மாணவர் உடனே ஆம் என்பர். பெயர் அவ்வாறு கருதத் தூண்டுகிறதே தவிர, அது ஒன்றே போதிய சான்றாகாது. பழைய நிலப்படம், முதியோர் நினைவு, மண்ணின் தன்மை ஆகியவற்றுள் எது கிடைத்தால் அக்கருத்து உறுதிப்படும் என்று மாணவரே பட்டியலிட வேண்டும். மணிமேகலை அளவைகளைக் கூறுமிடத்துக் காட்சியையும் கருதலையும் வேறுபடுத்துகிறது. அவ்வேறுபாட்டை நடுநிலை மாணவருக்கு உணர்த்த இதைவிட எளிய வாயில் வேண்டியதில்லை.

அரிக்கமேட்டில் நிகழ்ந்த துலக்கம்

1937-ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் அரிக்கமேட்டுச் சிறுவர்களிடமிருந்து மணிகளைப் பெற்றார். தலையுருவம் செதுக்கிய கல் ஒன்றும் அவருக்குக் கிடைத்தது. அதனை அகஸ்டஸ் சீசரின் உருவம் எனக் கருதினார். முதலில் கண்டெடுத்த கைகள் சிறுவர்களுடையவை என்பது இங்குக் கருதத்தக்கது. ஆனால் அம்மணிகள் எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தன என்பதை அவற்றைக் கொண்டு அறிய இயலாது. அழகு எஞ்சியது; காலம் சொல்லும் ஆற்றல் போயிற்று.

1944-இல் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு ஆம்போராச் சாடியின் துண்டைக் கண்டு, அது மத்தியதரைக் கடற்பகுதிக்குரியது என உணர்ந்தார். அடுத்த ஆண்டு, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் அகழாய்வு மேற்கொண்டார். இத்தாலியில் காலம் அறியப்பட்டிருந்த அரெட்டைன் மட்கலம் இங்கு அடுக்கோடு கிடைத்தது. அதன் துணைகொண்டு உடன்கிடைத்த ரௌலெட்டட் வகைக் கலங்களுக்கும் காலம் கணித்தார். காலம் அறியப்படாத ஒன்றை, அருகிலிருந்த காலம் அறியப்பட்ட ஒன்றால் அறியும் இம்முறையே அவருடைய பெரும் பங்களிப்பு.

எனினும் அவர் முடிவு இறுதியானதன்று. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் நடத்திய அகழாய்வு, குடியிருப்பு உரோமானியத் தொடர்புக்கு முன்பே தொடங்கியதைக் காட்டியது. ரௌலெட்டட் கலத்தின் தொடக்கத்தையும் பெக்லி முன்னுக்குக் கொண்டுசென்றார். உரோமானியர் வருகையால் எழுந்த வணிகத் தலம் என்ற பார்வை இதனால் தளர்ந்தது. வகுப்பறைப் புதிர்களில் பெரும்பாலும் விடுபடுவது, விடை திருத்தப்படும் இந்தக் கட்டமே.

செயல்பாட்டின் அமைப்பு

இரண்டு மரப்பெட்டிகளில் செம்மண், ஆற்றுமணல், களிமண் என மூன்று அடுக்குகள் இடப்படும். உடைத்த மட்கலத் துண்டுகள் அவற்றில் புதைக்கப்படும். நடு அடுக்கில் 1988 எனப் பொறித்த 25 காசு ஒன்றும் இடப்படும். முதற்குழு ஒவ்வோர் அடுக்காக நீக்கி, பொருளை எடுக்கும் முன் அதன் ஆழத்தையும் அடுக்கையும் குறிக்கும். இரண்டாம் குழுவிடம் அதே வகைப் பொருள்கள் ஒரு பையில் கொட்டித் தரப்படும். இரு குழுவினரும் ‘கண்டது’, ‘கருதியது’ என இரு பத்திகளில் அறிக்கை எழுதுவர். இரண்டாம் குழுவும் வடிவம், நிறம், வனைந்த முறை ஆகியவற்றை நன்றாகவே எழுத இயலும். எது முந்தியது என்ற வினாவில்தான் அவர்கள் கை ஓய்கிறது.

காசு வேண்டுமென்றே வைக்கப்பட்ட பொறி. அடுக்கின் காலம் 1988 என்று எழுதிவிடுவது எளிது. அக்காசு 2011 வரை செல்லுபடியானது. கலைந்திராத அடுக்காயின், அது 1988-க்கு முற்பட்டதன்று என்பது மட்டுமே பெறப்படும். அதற்கு மேற்பட்ட எல்லையைக் காசு தராது. இவ்வேறுபாடு மொழியிலும் புலப்பட வேண்டும்: ‘ஆகும்’, ‘ஆகலாம்’, ‘ஆதல் இயலாது’ ஆகிய முடிபுகளை இடமறிந்து ஆளுதல் தமிழ்ப் பாடத்தின் நேரடிப் பயன். எனவே ‘இச்சான்றால் துணிய இயலாது’ என்று காரணத்தோடு எழுதிய அறிக்கைக்கும் முழு மதிப்பெண் உண்டு.

செயல்பாட்டிற்கான மட்கலங்களைக் குயவரிடம் புதிதாகவே வாங்க வேண்டும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைக் காட்டலாம். களத்தையும் சென்று பார்க்கலாம். அங்குத் தரையில் தென்படும் ஓடு எதையும் மாணவர் எடுத்துவருதல் கூடாது.