விழிவில்லை உருவாகும் விதம்

(கரியாலூர் மாணவி, இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் விலங்கியல்)

"கண்ணே, கண்மணியே" என்று குழந்தையைக் கொஞ்சாத தாய் இல்லை. அந்தக் கண்மணிக்குப் பின்னால் நின்று, ஒளியை விழித்திரையின்மேல் குவித்துத் தருவது விழிவில்லை. கண்ணாடிபோல் தெளிந்த இவ்வுறுப்பு தாயின் வயிற்றில் எவ்வாறு உருவாகிறது? உரிய இடத்தில், உரிய காலத்தில் தோன்றுமாறு அதற்குச் சொல்வது யார்? கருவியல் தரும் விடையைச் சுருக்கமாகக் காண்போம்.

மூளை நீட்டும் கை

மனிதக் கருவின் நான்காம் வாரத்தில் முன்மூளையின் இரு பக்கங்களிலும் இரண்டு குமிழ்கள் வெளிநோக்கி வளர்கின்றன. இவை பார்வைக் குமிழ்கள். இவை தலையைப் போர்த்தியிருக்கும் புறப்படையைத் தொட்டதும், அவ்விடத்துச் செல்கள் உயர்ந்து தடித்து ஒரு தட்டாகின்றன. தட்டு குழிந்து, பிறகு மேல்தோலிலிருந்து பிரிந்து, உள்ளே வெற்றிடமுள்ள சிறு பந்தாகிறது. அதுவே விழிவில்லையின் முதல் உருவம். பார்வைக் குமிழும் கிண்ணமாகக் குழிந்து அதனை ஏந்திக்கொள்கிறது. அக்கிண்ணத்திலிருந்து விழித்திரை உண்டாகிறது.

1901-இல் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஷ்பெமான் தவளையின் இளங்கருவில் ஒரு பக்கத்துக் கண்முளையை மட்டும் சூடான ஊசியால் அழித்தார். அப்பக்கத்தில் விழிவில்லை தோன்றவில்லை. ஓர் உறுப்பு தோன்ற மற்றோர் உறுப்பின் தூண்டுதல் தேவை என்பது இதனால் புலனாயிற்று. கருத்தூண்டல் பற்றிய பிற்கால ஆய்வுக்காக 1935-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

செய்தி செல்லும் வழி

தூண்டுதல் என்பது என்ன? அது ஒரு செல் வெளியிடும் புரதம். மற்றொரு செல்லுக்கு அதுவே செய்தி. முன்னாளில் ஊரில் தண்டோரா போட்டால் ஒலி எல்லார் காதிலும் விழும். ஆனால் சம்பந்தப்பட்டவரே எழுந்து போவர். அதுபோலச் செய்திப் புரதம் பல செல்களை அடைந்தாலும், அதற்குரிய ஏற்பியைத் தம் மேலுறையில் பெற்று, முன்னரே ஆயத்தமான செல்களே செவிசாய்க்கின்றன. தலைப்பகுதிப் புறப்படையை அவ்வாறு ஆயத்தப்படுத்துவதில் 'பாக்ஸ்-6' என்னும் மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு.

பார்வைக் குமிழ் வெளியிடும் செய்திகளில் ஒன்று பி.எம்.பி.-4. இப்புரதம் இல்லாத எலிக்கருவில் விழிவில்லை உருவாவதில்லை என்று 1998-இல் கண்டனர். இன்னொரு செய்தி எஃப்.ஜி.எஃப். இது ஏற்பியில் பொருந்தியதும் செல்லுக்குள் ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, செய்தி உட்கருவை எட்டுகிறது. அங்கே உரிய மரபணுக்கள் விழிக்கின்றன.

திருப்பி வைத்த வில்லை

அந்தச் சிறு பந்தின் பின்பக்கச் செல்கள் மட்டும் நீண்டு இழைகளாகி வெற்றிடத்தை நிரப்புகின்றன. அவை கிரிஸ்டலின் என்னும் புரதத்தை நிறைத்துக்கொண்டு, ஒளியை மறைக்காதபடி தம் உட்கருவையே இழந்துவிடுகின்றன. முன்பக்கச் செல்கள் அப்படி மாறுவதில்லை.

இவ்வேறுபாட்டின் காரணத்தை 1963-இல் கூலம்பர் தம்பதியர் ஆராய்ந்தனர். அடைக்கு வைத்த முட்டையில் ஐந்து நாள் கோழிக்கருவின் விழிவில்லையை முன்பின்னாகத் திருப்பி வைத்தனர். அதுவரை முன்னால் இருந்த செல்கள், விழித்திரையை நோக்கியதும் தாமும் நீண்டு இழைகளாயின! ஆகவே, நீளுமாறு சொல்லும் செய்தி விழித்திரையின் பக்கத்திலிருந்தே வருகிறது. அதில் எஃப்.ஜி.எஃப். முதன்மையானது என்பது பின்னர் தெளிவாயிற்று.

வளர்ச்சி குலைந்தால்

இத்துணை வேலையும் கருவின் முதல் இரண்டு மாதங்களுக்குள் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. அக்காலத்தில் தாய்க்கு ருபெல்லா என்னும் அம்மை கண்டால், அதன் வைரஸ் கருவின் விழிவில்லைக்குள் புகுந்து வளர்ச்சியைக் குலைக்கலாம். உட்கருவை இழக்க வேண்டிய இழைகள் இழக்காமல் நிற்கும்; வில்லை வெளுக்கும். இதுவே பிறவிக் கண்புரை. 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இத்தொடர்பை முதலில் எடுத்துரைத்தார். 1990-களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த ஆய்வும், தென்னிந்தியக் குழந்தைகளின் கண்புரைக்கு ருபெல்லா ஒரு முக்கியக் காரணம் என்று காட்டியது.

எங்கள் மலையில் பிள்ளை குறையோடு பிறந்தால் கிரகணத்தின்மேல் பழி போடுவர். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று தாயையும் ஏசுவர். அவள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. தான் கருவுற்றிருப்பதை அவள் அறியுமுன்பே விழிவில்லையின் வேலை தொடங்கிவிடுகிறது.

தடுக்க வழி உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள சிறாருக்குத் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தொடங்கியது. இப்போது குழந்தைகளுக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்றும், 16 முதல் 24 மாதங்களுக்குள் ஒன்றும் போடப்படுகின்றன. ஆனால் 2017-இல் 15 வயதைக் கடந்திருந்த நம் அக்காமார் அவ்வியக்கத்தில் சேரவில்லை. அவர்கள் கருவுறுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம். கருவுற்றபின் இவ்வூசி போடலாகாது. குழந்தையின் கண்மணி நடுவே வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. முதல் சில மாதங்களில் தெளிவான ஒளி எட்டாவிட்டால், மூளை பார்க்கக் கற்பதே தடைப்படும். பின்னர் அறுவை செய்தும் முழுப்பயன் கிட்டாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் கற்ற பாடம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடாமல், வீட்டுத் திண்ணையிலும் பேசப்பட வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழியர் ஒவ்வொருவரும் ஒரு தாயிடமேனும் இதனை எடுத்துச் சொல்வோமாக!