மார்கழிப் பனியும் பச்சைப் பிள்ளையும்



கோவில்பட்டிக் கரிசலில் பகலெல்லாம் வெயில். மார்கழி, தை விடியலில் பனி. "புள்ளைக்குக் குளிருதே" என்று அடைத்த அறையில் கரி நெருப்புச் சட்டி வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது, வாடையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

காசில்லாத சூடு உங்களிடமே உண்டு. தாயின் வெறும் மார்போடு பிள்ளையை அணைத்து, மேலே சேலையால் போர்த்துங்கள். தலைக்குக் குல்லாய் போடுங்கள். எடை குறைந்த குழந்தைகளை 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இப்படித்தான் காக்கத் தொடங்கினார்கள். தாய் அசந்தால் தகப்பன் மார்பும் ஆகும்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்ட வேண்டாம். வெந்நீர்ப் பானையை மூடி வைத்தால் பருத்திமாரும் விறகும் மிச்சம்.

பாதம் சில்லிட்டு, பிள்ளை பால் குடிக்கவில்லையா? உடனே 108-ஐ அழையுங்கள்.

அணைப்பே கணப்பு!