கலங்களை அழைத்த ஒளி

திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டு நீர்ப்பரப்புக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் லைட்ஹவுஸ் குப்பம் என்றொரு மீனவர் ஊர் உள்ளது. விளக்கே ஊருக்குப் பெயராயிற்று. அங்கு 1859 ஆம் ஆண்டு கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. வடக்கிலிருந்து சென்னை நோக்கி வரும் கப்பல்களுக்கு அப்பகுதியின் கடலடி மணல்திட்டுகள் பெரும் இடராக இருந்தன. இருள் சூழ்ந்த இரவில் கரை கண்ணில் படுமுன்னரே கப்பலின் அடிப்பகுதி மணலில் தட்டிவிடும்.

கலம் என்பது கப்பல். கரைதல் என்பது அழைத்தல். கப்பலை அழைக்கும் விளக்கு என்பதே இச்சொல்லின் பொருள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, உயர்ந்த மாடத்தின்மீது இரவில் தீ மூட்டிக் கலங்களை அழைத்த துறைமுகத்தைக் காட்டுகிறது. விறகுத் தீயாயினும் அதன் பணி இன்றைய மின்விளக்கின் பணியேயாகும்.

சென்னையில் 1796 இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கட்டடம் ஒன்றின் கூரைமீது தேங்காயெண்ணெய் விளக்குகள் வைக்கப்பட்டன. 1844 இல் கல்தூண் வடிவக் கலங்கரை விளக்கம் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றும் அதனை உயர்நீதிமன்ற வளாகத்தில் காணலாம். 1894 இல் விளக்கு உயர்நீதிமன்றக் குவிமாடத்திற்கு மாறியது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது, கரையைக் கண்டறிய அதற்கும் இவ்விளக்கே உதவியது.

ஒளியை வீணாக்காத வழி

தூணில் எரிந்தது ஆர்கண்டு விளக்கு. குழாய்போன்ற வட்டத் திரியின் உள்ளும் புறமும் காற்றோட்டம் அமைந்ததால் சுடர் புகையின்றி வெண்மையாக எரிந்தது. ஆயினும் சுடர் எவ்வளவு பிரகாசமாயினும் அதன் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. வானுக்கும் அடித்தளத்துக்கும் செல்லும் ஒளியால் மாலுமிக்குப் பயனில்லை. அவருக்குத் தேவை தொடுவானத்தை ஒட்டிச் செல்லும் மெல்லிய ஒளிக்கற்றை மட்டுமே. சுடருக்குப் பின்னே வைத்த உலோக ஆடிகள் ஒளியைத் திருப்பின; ஆனால் அதில் கணிசமான பகுதியைத் தாமே உட்கொண்டன. பெரிய குவிலென்சோ, தடிமனும் எடையும் மிகுந்து பயன்படாமற் போனது.

இச்சிக்கலைத் தீர்த்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் அகஸ்டின் பிரெனல். ஒளி வளைவது கண்ணாடியின் பரப்பில்தான். நடுவிலுள்ள தடிமனில் அன்று. எனவே நடுக்கண்ணாடியை நீக்கி, வளைந்த பரப்பை மட்டும் படிப்படியான வளையங்களாக வைத்தாலும் லென்சின் வேலை குறையாது. விளிம்பில் முப்பட்டகங்களை அடுக்கினால், முழு அக எதிரொளிப்பால் மேலும் கீழும் தப்பிச் செல்லும் ஒளியும் தொடுவானத்துக்குத் திரும்பும். 1823 இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் இவர் அமைத்த லென்சு ஒளிர்ந்தது. எண்ணெயைக் கூட்டாமலே ஒளியைக் கூட்டியது இவ்வமைப்பின் அருமையாகும். இன்றைய மகிழுந்து விளக்குகள் பலவற்றின் கண்ணாடியிலும் இவ்வகை வரிகளைக் காணலாம்.

சுடரின் கதையிலும் தமிழ்க் கடற்கரைக்குப் பங்குண்டு. ஆஸ்திரியரான வெல்ஸ்பாக், தோரியம் சேர்மத்தில் தோய்த்த துணிவலையைச் சுடர்மேல் வைத்தால் அது வெண்ணொளி வீசுவதைக் கண்டார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் அதன் வழிவந்ததே. மண்ணெண்ணெய் ஆவியில் எரியும் மேண்டில்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலங்கரை விளக்கங்களுக்கும் வந்தன. தோரியத்திற்கு மோனசைட்டு மணல் தேவை. திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டே, 1909 இல் செருமானிய வேதியியலர் ஷோம்பெர்க் மணவாளக்குறிச்சிக் கரையை அடைந்தார் என்பர்.

பின்னர் மின்விளக்கும், அண்மையில் ஒளி உமிழ் டையோடும் வந்தன. சுடர் மாறினும், ஒவ்வொரு கலங்கரை விளக்கமும் தனக்கே உரிய இடைவெளியில் மின்னும் முறை மாறவில்லை. கடல்வரைபடத்தில் அவ்விடைவெளி குறிக்கப்பட்டிருப்பதால், நொடிகளை எண்ணியே மாலுமி எந்த ஊர்க் கரை என அறிகிறார்.

பழவேற்காட்டு மீனவருக்கு அவ்வாறு எண்ண வேண்டிய தேவையில்லை. அவ்விளக்கை அவர் இளமை முதல் அறிவார். ஆனால் மணல் சேர்ந்து தூர்ந்துபோகும் முகத்துவாரத்தில் இன்று எப்பக்கம் ஆழம் என்பதை விளக்குச் சொல்வதில்லை. அலை எங்கே உடைகிறது என்று பார்த்துப் படகோட்டிதான் அதனை முடிவு செய்கிறார்.