குவாண்டம் தொழில்நுட்பமும் பொதுப் பொறுப்பும்

தேசிய குவாண்டம் இயக்கத்திற்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று ஒப்புதல் அளித்தது. 2030-31 வரை இதற்கென வகுக்கப்பட்ட தொகை ரூ. 6,003.65 கோடி. மக்கள் பணம் செலவாகும் இத்துறையில் பயன் யாருக்கு, இடர் யாருக்கு என்று வினவுதல் நம் கடமையாகும்.

இடர் யாது? இன்றைய சங்கேத முறைகள் சில, மிகப் பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதையே நம்பியுள்ளன. ஆற்றல்மிக்க குவாண்டம் கணிப்பொறி இதனை விரைந்து செய்யக்கூடும் என்று பீட்டர் ஷோர் 1994-இல் காட்டினார். அத்தகைய பொறி இன்னும் உருவாகவில்லை. எனினும், இன்று களவாடிச் சேமிக்கப்படும் சங்கேதச் செய்தி நாளை படிக்கப்படலாம். களவு போனதை மீட்க இயலாது. ஆகவே, தீங்கு நேர்ந்த பின் விதி வகுப்பதால் பயனில்லை.

இவ்விடரைத் தாங்கவல்ல மூன்று தர முறைகளை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. ஒவ்வோர் அலுவலகமும் தன் ஆவணங்களுள் எவை எத்தனை ஆண்டு மறைவாக இருத்தல் வேண்டும் எனக் கணக்கெடுத்து, நெடுங்காலத்திற்குரியவற்றை முதலில் புதிய முறைக்கு மாற்றுதல் வேண்டும். நோயாளியின் மருத்துவக் குறிப்பு அவர் ஆயுள் முழுதும் காக்கப்பட வேண்டியது. பெரிய வங்கிக்குக் கிட்டும் பாதுகாப்பு சிற்றூர் மருத்துவமனைக்கும் கிட்டினால்தான் அது வளர்ச்சி எனப்படும்.