எதிரியின் பலம் எவ்வளவு? உளவுத்துறை போடும் கணக்கு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



உளவுத்துறை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? கறுப்புக் கண்ணாடி, நீளமான கோட்டு, பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் பாக்கெட் நாவல் அட்டையில் துப்பாக்கியோடு நிற்கிற ஆசாமி. ஆனால் உலகத்தின் பெரிய உளவு நிறுவனங்களில் நடக்கிற வேலையில் பெரும்பகுதி மேஜை வேலைதான். எதிரி நாட்டில் எத்தனை டாங்கி, எத்தனை விமானம், எத்தனை ஏவுகணை, நம்மிடம் எத்தனை என்று எண்ணிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால் அளவெடுக்கும் வேலை. வெர்னியர் காலிபரும் மல்டிமீட்டரும் பிடித்துப் பழகிய டிப்ளமா மாணவர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. அதனால்தான் நம் ஆண்டு மலருக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

திருவள்ளுவர் இதற்கு இரண்டு அதிகாரங்களில் வழி சொல்லியிருக்கிறார். 'வலியறிதல்' அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்கும் முன் அந்தச் செயலின் வலிமை, தன் வலிமை, பகைவனின் வலிமை, துணைக்கு வருபவர்களின் வலிமை என்று நான்கையும் எடைபோடச் சொல்கிறார். 'ஒற்றாடல்' அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார். நம்ம பாஷையில் சொன்னால் இரண்டாவது ரீடிங். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டில் வல்லரசுகள் போட்ட சில கணக்குகளைப் பார்ப்போம்.

1. கியர்பாக்ஸ் நம்பர் சொன்ன ரகசியம்

இரண்டாம் உலகப் போர் சமயம். ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கி தயாரிக்கிறது என்பது நேச நாடுகளுக்குத் தெரிந்தாக வேண்டும். வழக்கமான உளவுத் தகவல்களை வைத்துப் போட்ட கணக்கு மாதத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று எகிறியது. 1943-இல் லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பொருளாதாரப் போர்ப் பிரிவு வேறு வழியைப் பிடித்தது. சண்டையில் கைப்பற்றிய ஜெர்மன் டாங்கிகளின் சேஸிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ் இவற்றில் இருந்த வரிசை எண்களைச் சேகரித்தார்கள். அதில் கியர்பாக்ஸ் நம்பர்தான் விட்டுப்போகாமல் வரிசையாக இருந்ததால் அதிகம் உதவியது.

இதன் தத்துவம் ரொம்ப எளிது. ஒரு காலேஜில் அட்மிஷன் நம்பர் 1-இல் தொடங்கி வரிசையாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. அந்தக் காலேஜ் மாணவர்கள் ஐந்து பேரை ரோட்டில் பார்க்கிறோம். அவர்களுடைய நம்பர்கள் 23, 57, 88, 104, 140. குறைந்தது 140 பேர் இருக்கிறார்கள் என்பது நிச்சயம். 140-க்கு மேலே எத்தனை? நாம் பார்த்த நம்பர்களுக்கு நடுவே சராசரியாக எவ்வளவு இடைவெளி விழுந்திருக்கிறதோ, அதே அளவு மேலேயும் விழுந்திருக்கும் என்று கொள்ளலாம். கணக்கு இப்படி வரும்: 140 + (140 ÷ 5) − 1 = 167. அவ்வளவுதான் ஃபார்முலா.

போர் முடிந்த பிறகு ஜெர்மனியின் உற்பத்திப் பதிவேடுகள் கிடைத்தன. மூன்றையும் ஒப்பிட்டபோது (மாத உற்பத்தி):

ஜூன் 1940: உளவு மதிப்பீடு 1000, வரிசை எண் கணக்கு 169, உண்மை 122.
ஜூன் 1941: உளவு மதிப்பீடு 1550, வரிசை எண் கணக்கு 244, உண்மை 271.
ஆகஸ்ட் 1942: உளவு மதிப்பீடு 1550, வரிசை எண் கணக்கு 327, உண்மை 342.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டே டாங்கிகளின் 64 சக்கரங்களை எடுத்து, அவை எந்தெந்த மோல்டில் வார்க்கப்பட்டவை என்று ஆராய்ந்து, 1944 பிப்ரவரி மாதத்துக்கு 270 டாங்கி என்று மதிப்பிட்டார்கள். பதிவேட்டில் இருந்தது 276. ஃபவுண்டரி ஷாப்பில் மோல்டிங் பாக்ஸோடு மல்லுக்கட்டும்போது இதை நினைத்துப் பாருங்கள். மோல்டு பதிக்கிற தடம் ஒரு நாட்டின் ராணுவ ரகசியத்தையே காட்டிக்கொடுத்திருக்கிறது!

2. இல்லாத விமானங்கள்

போர் முடிந்ததும் அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் பனிப்போர் ஆரம்பித்தது. 1955 ஜூலையில் மாஸ்கோவின் துஷினோ விமானத் தளத்தில் ஒரு விமானக் காட்சி. எம்-4 என்ற புதிய நீண்ட தூரக் குண்டுவீச்சு விமானங்கள் அணி அணியாகத் தலைக்கு மேல் பறந்தன. பார்த்த வெளிநாட்டு அதிகாரிகள் எண்ணியது 28. பறந்துபோன விமானங்களே சுற்றிவந்து மறுபடியும் அணியில் சேர்ந்துகொண்டன என்பது பின்னாளில் பரவலாகச் சொல்லப்பட்ட விவரம். காட்சிக்கே இத்தனை என்றால் தொழிற்சாலையில் எத்தனை இருக்கும் என்று அமெரிக்காவில் கணக்குப் போட்டார்கள். சில வருஷத்தில் சோவியத்திடம் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்று முடிவு வந்தது. 'குண்டுவீச்சு விமான இடைவெளி' என்று பத்திரிகைகள் எழுதின. நிதியும் ஒதுக்கப்பட்டது. அமெரிக்கா கட்டிய பி-52 விமானங்கள் மொத்தம் 744. சோவியத் கட்டிய எம்-4 வகை விமானங்கள் கடைசிவரை நூறைத் தொடவில்லை.

1956 ஜூலை 4-ஆம் தேதி சி.ஐ.ஏ.வின் யு-2 உளவு விமானம் முதன்முதலாகச் சோவியத் நிலப்பரப்பின் மேல் பறந்தது. சுமார் 70,000 அடி உயரம். அன்றைய சோவியத் போர் விமானங்களால் அந்த உயரத்துக்கு எட்ட முடியவில்லை. விமானத் தளங்களைப் படம் எடுத்துவந்து பார்த்தால், பயந்த அளவுக்கு அங்கே விமானங்கள் இல்லை!

3. இல்லாத ஏவுகணைகள்

அந்தப் பயம் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. 1957 அக்டோபர் 4-இல் ஸ்புட்னிக் விண்ணுக்குப் போனது. அதைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டால் அணுகுண்டையும் தூக்க முடியும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. சோவியத் தலைவர் குருஷேவும் தம் நாட்டில் ஏவுகணைகள் தொழிற்சாலைப் பண்டம் மாதிரி மளமளவென்று தயாராவதாகப் பெருமை பேசினார். அமெரிக்கா பின்தங்கிவிட்டது, 'ஏவுகணை இடைவெளி' விழுந்துவிட்டது என்று 1960 அதிபர் தேர்தலில் கென்னடி பிரச்சாரம் செய்தார்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அந்த நேரத்தில் சோவியத் ஏவுகணைகள் எத்தனை என்பதில் அமெரிக்க அமைப்புகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எல்லோருக்கும் முன்னால் இருந்தது ஏறத்தாழ ஒரே தகவல்தான். ஆனால் விமானப்படை அதிக எண்ணிக்கை சொன்னது. தரைப்படையும் கடற்படையும் குறைவாகச் சொல்லின. சி.ஐ.ஏ. நடுவில் நின்றது. காரணம் என்ன? எதிரியின் ஏவுகணை கூடுதல் என்றால், நீண்ட தூர ஏவுகணைக்கும் குண்டுவீச்சு விமானத்துக்கும் பணம் ஒதுக்குவார்கள். அந்தப் பணம் போகும் இடம் விமானப்படை. தரைப்படையும் கடற்படையும் அதே பட்ஜெட்டில் பங்கு கேட்டு நின்றவர்கள். யாரும் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. தகவல் குறைவாக இருக்கும்போது, அவரவர் தேவை ஊசியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது.

1960 மே 1-இல் ஒரு யு-2 விமானத்தைச் சோவியத் ராணுவம் சுட்டு வீழ்த்தியது. விமானி கேரி பவர்ஸ் உயிரோடு பிடிபட்டார். அதோடு சோவியத் மேல் விமானம் அனுப்புவது நின்றது. ஆனால் 'கரோனா' என்ற ரகசிய செயற்கைக்கோள் திட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பத்துக்கும் மேற்பட்ட தோல்விகளுக்குப் பிறகு 1960 ஆகஸ்டில் அது வெற்றி பெற்றது. செயற்கைக்கோளில் எடுத்த ஃபிலிம் சுருள் ஒரு பேழையில் பூமிக்கு இறங்கும். பாராசூட்டில் தொங்கிவரும் பேழையைப் பசிபிக் கடலுக்கு மேலே ஒரு விமானம் கொக்கி போட்டுப் பிடிக்கும்! அந்த முதல் சுருளில் பதிவான சோவியத் நிலப்பரப்பு, அதுவரை யு-2 விமானங்கள் எல்லாம் சேர்ந்து படம் எடுத்ததைவிட அதிகம்.

1961 செப்டம்பரில் வந்த புதிய மதிப்பீட்டில், சோவியத்திடம் அப்போது இருந்த கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளின் ஏவுதளங்கள் 10 முதல் 25 வரைதான் என்று எழுதினார்கள். உண்மை அதைவிடவும் குறைவு, விரல்விட்டு எண்ணிவிடலாம். இடைவெளி இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் முன்னால் நின்றது அமெரிக்கா.

1967-இல் அதிபர் ஜான்சன் ஒரு கூட்டத்தில் இதை மனம்விட்டுப் பேசினார். விண்வெளித் திட்டத்துக்கு 3500 முதல் 4000 கோடி டாலர் செலவழித்திருக்கிறோம், விண்வெளிப் படங்களால் கிடைத்த அறிவு மட்டுமே அதைப்போல் பத்து மடங்கு பெறும் என்றார். எதிரியின் ஏவுகணை எத்தனை என்று இப்போது தெரியும், தேவையில்லாததைக் கட்டிக்கொண்டும் தேவையில்லாமல் பயந்துகொண்டும் இருந்திருக்கிறோம் என்பது அவர் பேச்சின் சாரம்.

4. எண்ணாமல் விட்டது

கூட்டிச் சொல்வது மட்டும்தான் தவறா? குறைத்துச் சொன்னதும் உண்டு. அது இன்னும் ஆபத்தானது.

ஏவுகணையில் பின்தங்கியிருந்த குருஷேவ், 1962-இல் அமெரிக்காவின் வாசலில் இருந்த கியூபாவுக்கு ரகசியமாக ஏவுகணைகளை அனுப்பினார். சோவியத் அப்படிச் செய்யாது என்றுதான் அந்த செப்டம்பரில் அமெரிக்க உளவு மதிப்பீடு சொன்னது. அக்டோபர் 14-இல் யு-2 எடுத்த படங்கள் அதைப் பொய்யாக்கின. கியூபா மீது படையெடுக்கலாமா என்று வாஷிங்டனில் தீவிரமாக யோசித்தார்கள். அப்போது கியூபாவில் சுமார் 10,000 சோவியத் வீரர்கள் இருப்பதாகக் கணக்கு. உண்மையில் இருந்தது 40,000-க்கும் மேல். அதுமட்டுமா? இறங்கும் படை மீது வீசுவதற்கான குறுகிய தூர அணு ஆயுதங்களும் அங்கே இருந்தன. அது அமெரிக்காவுக்குத் தெரியவந்தது 30 ஆண்டுகள் கழித்து, 1992-இல் ஹவானாவில் நடந்த ஒரு மாநாட்டில்! கென்னடி படையெடுக்காமல் கடல் முற்றுகையோடு நிறுத்திக்கொண்டதால் உலகம் பிழைத்தது. அந்தக் கணக்கை நம்பி வீரர்களை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

5. எண்ண முடியாதது

டாங்கியை எண்ணலாம், ஏவுதளத்தைப் படம் எடுக்கலாம். மனதை எப்படி எண்ணுவது? 2021-இல் ஆப்கன் அரசுப் படையில் ஏட்டளவில் சுமார் 3 லட்சம் பேர். எதிரே இருந்த தாலிபான் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் ஆகஸ்ட் 15-இல் காபூல் ஏறத்தாழ சண்டையே இல்லாமல் விழுந்தது. அந்த ஏட்டில் இல்லாத ஆட்களின் பேரிலும் சம்பளம் எழுதப்பட்டது தனிக்கதை. மறு வருஷம் 2022 பிப்ரவரியில் இதற்கு நேர் எதிர். ரஷ்யா உக்ரைன் மீது படையெடுக்கப் போகிறது என்று அமெரிக்க உளவுத்துறை முன்கூட்டியே சரியாகச் சொன்னது. ஆனால் தலைநகர் கீவ் சில நாட்களில் விழுந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பலித்ததா? கீவ் விழவில்லை. எண்ணிக்கை ஒரே தட்டு. ஊக்கம், தலைமை, சோறும் டீசலும் வந்துசேரும் வழி எல்லாம் இன்னொரு தட்டு.

6. யார் அளப்பது?

இத்தனையையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். கருவி நல்லதா என்று கேட்பதோடு, அதைப் பிடித்திருக்கும் கைக்கு விடையில் லாபம் உண்டா என்றும் கேட்க வேண்டும். கியர்பாக்ஸ் நம்பருக்கு எந்த பட்ஜெட்டும் தேவையில்லை. அதனால் அது உள்ளதைச் சொன்னது.

அமெரிக்காவும் இதை உணர்ந்திருக்க வேண்டும். படைக்குப் படை தனித்தனியாகக் கணக்குச் சொன்ன குழப்பத்துக்குப் பிறகு, 1961 அக்டோபரில் பாதுகாப்பு உளவு முகமை என்ற பொது அமைப்பை ஏற்படுத்தினார்கள். நம் நாட்டிலும் 1999 கார்கில் போருக்குப் பின், திருச்சியில் பிறந்த பாதுகாப்பு நிபுணர் கே. சுப்ரமணியம் தலைமையிலான குழு உளவு அமைப்பின் குறைகளை வெளிப்படையாக எழுதியது. 2002-இல் முப்படைக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை இங்கேயும் வந்தது. வள்ளுவர் சொன்ன அந்த இரண்டாவது ஒற்றனுக்கு அரசாங்கம் கொடுத்த ஆபீஸ் என்று இதைச் சொல்லலாம்.

சரியான எண்ணிக்கை சமாதானத்துக்கும் உதவும். 1972-இல் அமெரிக்காவும் சோவியத்தும் ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்தபோது, ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்க்கும் செயற்கைக்கோள் போன்ற சாதனங்களுக்கு இடையூறு செய்வதில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 'நீ என்னை எண்ணிக்கொள், நான் உன்னை எண்ணிக்கொள்கிறேன்' என்று இரண்டு எதிரிகள் ஒப்புக்கொண்டது எவ்வளவு பெரிய விஷயம்!

நண்பர்களே, நம்மில் பலர் நாளைக்குத் தர ஆய்வுப் பிரிவிலோ, ஒரு பாலத்தின் கான்கிரீட்டைச் சோதிக்கும் லேபிலோ உட்காரப்போகிறோம். 'இந்த லாட்டைப் பாஸ் பண்ணிடுப்பா' என்று மேலே இருந்து ஒரு குரல் வரும். லேபில் முதலில் விடையை எழுதிவிட்டுப் பின்னால் ரீடிங்கை நிரப்புகிற பழக்கம் இருந்தால், அன்றைக்குக் கை தானாகப் போய்விடும். முள் காட்டுவதை அப்படியே எழுதுவோம். சந்தேகம் இருந்தால் இன்னொருவரை விட்டு அளக்கச் சொல்வோம்.