ஆங்கில இலக்கிய வகுப்பில் நம் தமிழ் அணிகள்



தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளியில் ஆங்கில இலக்கியம் எடுக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர், சிமிலி, மெட்டஃபர், அயர்னி என்று கேட்டதுமே "இது நமக்கு வராது"ன்னு ஒதுங்கிவிடுகிறார்கள். பயம் வேண்டாம். பெயர்தான் புதுசு, சரக்கு நம்மிடம் பழசு. தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது.

கோல சிலாங்கூர், கம்போங் குவாந்தான் ஆற்றங்கரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

1. "மின்மினி மொய்த்த மரம் தீபாவளி வீடு போல இருக்கு" – உவமை, சிமிலி.

2. "அந்த மரமே ஒரு தீபாவளி வீடு" – உருவகம், மெட்டஃபர். 'போல' போய்விட்டது, பாருங்கள்.

3. "கோடி விளக்கு எரியுது!" – உயர்வு நவிற்சி, ஹைபர்பலி.

4. பஸ் ஒரு மணி நேரம் லேட். "ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்கண்ணே!" – அயர்னி. நம் வஞ்சப்புகழ்ச்சி இதற்கு நெருக்கம்.

ஓரிடத்தில் கவனம்: எதுகை இரண்டாம் எழுத்தில் வரும், ஆங்கில ரைம் பெரும்பாலும் அடியின் கடைசியில் வரும். அதற்கு நெருக்கமானது இயைபு.

விடைத்தாளில் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அணியின் பெயர், கவிதையில் அது வரும் சொல், அதனால் கிடைக்கும் உணர்வு, மூன்றும் வேண்டும். 'தீபாவளி வீடு' என்றதும் இருட்டான ஆற்றங்கரை நம் வீட்டு வாசலாகிவிடுகிறது அல்லவா? அதைத்தான் எழுத வேண்டும்.

பயிற்சி: உங்கள் தோட்டத்துச் செம்பனையைப் பற்றி இந்த நான்கிலும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். வரும்!